பன்னிரண்டே பன்னிரண்டு விடுமுறைகள்

அரையாண்டுத் தேர்வின் கடைசித் தாளை எழுதி முடித்துவிட்டுப் பிள்ளைகள் வீட்டிற்குள் நுழையும் காட்சியைச் சற்றே எண்ணிப் பாருங்கள். புத்தகப் பை ஒரு மூலையில் போய் விழுகிறது. காலணிகள் திசைக்கொன்றாகப் பறக்கின்றன. "உம்மா, லீவு விட்டாச்சு!" என்னும் கூச்சல் தெருக்கோடி வரை கேட்கிறது. அந்தக் கூச்சல் அடங்குவதற்குள் அடுப்பங்கரையிலிருந்து ஒரு பெருமூச்சும் எழுகிறது: "இன்னும் பத்து நாளைக்கு இதுகளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப் போகிறேனோ!"

கூச்சலும் பெருமூச்சும் ஆண்டுதோறும் தவறாமல் நிகழ்பவைதாம். பிறகு என்ன நடக்கிறது? முதல் இரண்டு நாள் தூக்கத்தில் கழிகிறது. அடுத்த ஐந்து நாள் தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் கரைகிறது. எஞ்சிய நாட்களில் எழுதாமல் விட்ட வீட்டுப்பாடம் நினைவுக்கு வர, அழுகையும் அதட்டலுமாகப் பொழுது போகிறது. ஜனவரி பிறந்து பள்ளி திறந்ததும், "அப்பாடா" என்று தாயும் சொல்கிறாள். உண்மையைச் சொன்னால், பிள்ளையும் சொல்கிறது.

அன்பு வாசகர்களே, ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பாருங்கள். முதல் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை ஒரு பிள்ளைக்குக் கிடைக்கும் அரையாண்டு விடுமுறைகள் பன்னிரண்டே பன்னிரண்டு. கிறிஸ்துமஸை ஒட்டித் தொடங்கி ஆங்கிலப் புத்தாண்டோடு முடியும் இந்த விடுமுறை ஏறத்தாழ ஒன்பது, பத்து நாட்கள். பெருக்கிப் பார்த்தால், நூற்றிருபது நாட்களைத் தாண்டாது. அதிலும் பத்தாம் வகுப்பையும் பன்னிரண்டாம் வகுப்பையும் பொதுத் தேர்வும் சிறப்பு வகுப்புகளும் எடுத்துக்கொள்ளும். பிழைப்புக்காகக் கடல் கடந்து சென்று, ஓராண்டுக்கோ ஈராண்டுக்கோ ஒருமுறை ஊர் திரும்பும் தந்தையர் பலர் நம்மிடையே உண்டு. அவர்களுடைய விடுப்பு டிசம்பர் மாதத்தில் அமைவது எத்தனை முறை? அவர்களுக்கு அந்தப் பன்னிரண்டில் மூன்றோ நான்கோ கிடைத்தால் அதுவே பெரிது.

பாஸ்போர்ட்டுக்குள் கிடந்த தாள்

என் உறவினர் ஒருவர் வளைகுடா நாடொன்றில் பணிபுரிகிறார். சில ஆண்டுகளுக்கு முன் அவருக்கு டிசம்பரில் விடுப்புக் கிடைத்தது. மகன் அப்போது ஏழாம் வகுப்பு மாணவன். வாப்பா வரும் நாளை நாட்காட்டியில் வட்டமிட்டுக் காத்திருந்தான்.

வாப்பாவும் வந்தார். ஆனால் வந்தவருக்கு வேலைகள் அணிவகுத்து நின்றன. மாடி கட்டும் கொத்தனாரோடு இரண்டு நாள், பத்திரப் பதிவுக்கு இரண்டு நாள், வங்கிக்கு ஒரு நாள், திருமண வீடுகள் மூன்று, துக்கம் விசாரிக்க வேண்டிய வீடுகள் இரண்டு. பிள்ளை கேட்டபோதெல்லாம், "நாளைக்குப் பார்க்கலாம் வாப்பா" என்று அவனையும் வாப்பா என்றே அழைத்து அன்போடு சொன்னார். நாளைகள் தீர்ந்தன. புறப்படுவதற்கு முந்தைய இரவு பெட்டி கட்டும்போது, பாஸ்போர்ட்டுக்குள் நான்காக மடித்த ஒரு தாள் இருந்தது. கணக்கு நோட்டில் கிழித்த கட்டம் போட்ட தாள். அதில் இப்படி எழுதியிருந்தது:

"வாப்பாகூட செய்ய வேண்டியது.
1. மாடியில் பாய் போட்டுப் படுத்து நட்சத்திரம் பார்க்கணும்.
2. பெரிய குளத்துக்குப் பறவை பார்க்கப் போகணும்.
3. வாப்பா படிச்ச பள்ளிக்கூடத்தைக் காட்டணும்.
4. ஒரு நாள் உம்மாவுக்கு லீவு. நானும் வாப்பாவும் சமைக்கணும்.
5. கிறிஸ்துமஸுக்கு என் கூட்டாளி வீட்டுக்கு வாப்பாவும் வரணும்."

ஐந்தில் ஒன்றின் எதிரிலும் 'சரி' என்னும் குறி இல்லை. அந்தத் தாளை அவர் பின்னொரு நாள் என்னிடம் காட்டினார். அதைப் படித்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. விடுமுறையை இன்பமாகக் கழிப்பது எப்படி என்று பெரியவர்கள் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். பன்னிரண்டு வயதுப் பிள்ளையோ ஐந்தே வரிகளில் எழுதி முடித்துவிட்டான்! இவற்றுள் பெருஞ்செலவு பிடிக்கும் காரியம் ஏதேனும் உண்டா? இல்லை. எல்லாமே பெற்றோரின் நேரத்தைத்தான் கேட்கின்றன. வாருங்கள், அந்த ஐந்து வரிகளையும் வரிசையாகப் பார்ப்போம்.

மாடியில் ஒரு பாய்

டிசம்பர் கடைசியில் மழை ஓய்ந்து வானம் வெளுக்கத் தொடங்கும். மேகமில்லாத ஓர் இரவில் 9 மணி அளவில் மொட்டை மாடிக்குச் செல்லுங்கள். விளக்குகளை அணைத்துவிட்டுக் கண்கள் இருளுக்குப் பழகும்வரை பத்து நிமிடம் காத்திருங்கள். கிழக்கு வானின் நடுவே, ஒரே கோட்டில் மூன்று விண்மீன்கள் நெருக்கமாக நிற்பதைக் காண்பீர்கள். ஒரு முறை பார்த்தவர் மறக்க முடியாத அடையாளம் அது.

அந்த மூன்றையும் ஒரு கோடாக எண்ணி மேல்நோக்கி நீட்டினால் செம்மஞ்சள் நிற விண்மீன் ஒன்று தென்படும். நம் மரபில் அது ரோகிணி. உலக வழக்கில் அல்தெபரான். அரபு எழுத்தும் சொல்லும் கற்ற நம் பிள்ளைகளுக்கு இப்பெயர் வியப்பளிக்கும். 'பின்தொடர்வது' என்பது அதன் பொருள். கார்த்திகை விண்மீன் கூட்டத்தின் பின்னே அது வருவதால் அரபு மக்கள் அவ்வாறு அழைத்தனர். மூன்று விண்மீன்களுக்கு ஒரு பக்கம் சிவந்து ஒளிர்வது திருவாதிரை. மறுபக்கம் வெண்ணீலமாக ஒளிர்வது ரிஜெல். 'ரிஜ்ல்' என்றால் அரபியில் கால். அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி என்னும் வானியல் அறிஞர் கி.பி. 964ஆம் ஆண்டளவில் விண்மீன்களைப் படங்களோடு விளக்கி ஒரு நூல் எழுதினார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய அரபுப் பெயர்கள் பல இன்றும் உலகெங்கும் விண்மீன்களுக்கு வழங்குகின்றன.

அதே கோட்டைக் கீழ்நோக்கி நீட்டுங்கள். இரவு வானிலேயே மிகப் பிரகாசமான விண்மீன், சிரியஸ், அங்கே சுடர்விடும். அதன் ஒளி நம்மை வந்தடைய ஏறத்தாழ எட்டரை ஆண்டுகள் ஆகின்றன. மூன்றாம் வகுப்பில் படிக்கும் உங்கள் பிள்ளையிடம் சொல்லுங்கள்: "நீ பிறந்த காலத்தில் அங்கிருந்து புறப்பட்ட ஒளிதான் இன்று உன் கண்ணில் படுகிறது." அல்தெபரானின் ஒளியோ சுமார் 65 ஆண்டுகள் பயணம் செய்து வருவது. அது நன்னி தொட்டிலில் கிடந்த காலத்தில் புறப்பட்ட ஒளியாக இருக்கலாம். எந்தப் பாடப்புத்தகத்திலும் ஒளியாண்டு இவ்வளவு எளிதாக விளங்கிவிடாது.

ஊருக்கு வர இயலாத தந்தையர் ஏங்க வேண்டியதில்லை. இங்கே இரவு 10 மணி ஆகும்போது துபாயில் 8.30, சவூதியில் 7.30. வானில் மேகமில்லையென்றால் அந்த மூன்று விண்மீன்களும் அங்கும் கிழக்கே எழுந்து நிற்கும். கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசுவது நாள்தோறும் நடப்பதுதான். ஒரு நாள் இருவரும் திரையை விட்டுவிட்டு, குரலை மட்டும் கேட்டபடி, ஒரே நேரத்தில் அந்த மூன்றையும் பாருங்கள். பிள்ளைக்கு அந்த இரவு நெடுங்காலம் நினைவிருக்கும்.

குளக்கரையில் ஒரு காலை

வடகிழக்குப் பருவமழை நன்கு பெய்த ஆண்டில், டிசம்பர் கடைசியில் தமிழகத்தின் ஏரி குளங்கள் நிறைந்து கிடக்கும். பறவைகளுக்கு அதுவே அழைப்பு.

செங்கற்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கல் பலரும் அறிந்த இடம். ஊர் மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பறவைகளைக் காத்து வந்த ஏரி அது. வேட்டையாடிய வெள்ளைக்காரச் சிப்பாய்கள் மீது ஊரார் முறையிட்டு, 1798ஆம் ஆண்டிலேயே அன்றைய கலெக்டரிடமிருந்து பாதுகாப்பு ஆணை பெற்றனர். பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாகிறது என்பதை அவர்கள் அனுபவத்தில் அறிந்திருந்தனர். சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிச் சரணாலயத்தை ஒட்டியுள்ள கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், பறவைகள் மிரண்டுவிடும் என்பதற்காகத் தீபாவளிக்குக்கூடப் பட்டாசு வெடிப்பதில்லை. திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்தில் கூழைக்கடாக்களும் மஞ்சள் மூக்கு நாரைகளும் வீட்டு மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. நடு ஆசியாவின் மேட்டு நிலங்களிலிருந்து இமயமலையைக் கடந்து வரும் வரித்தலை வாத்தையும் குளிர்காலத்தில் அங்கே காணலாம். நாகப்பட்டினம் மாவட்டத்துக் கோடியக்கரைக்குப் பூநாரைகள் வருவதும் இந்தப் பருவத்தில்தான்.

இவ்வளவு தொலைவு செல்ல வசதியில்லையா? உங்கள் ஊர்க் குளக்கரைக்கே விடியற்காலையில் செல்லுங்கள். சுபுஹு தொழுதுவிட்டுப் புறப்பட்டால் நேரம் சரியாக இருக்கும். பிள்ளையின் கையில் ஒரு சிறு நோட்டைக் கொடுங்கள். பெயர் தெரியாவிட்டாலும் பாதகமில்லை. நிறம் என்ன, அலகு எப்படி, நடக்கிறதா நீந்துகிறதா என்று எழுதச் சொல்லுங்கள். அலகை மூடினாலும் நடுவே இடைவெளி தெரியும் நாரை ஒன்று உண்டு. நத்தைகுத்தி நாரை என்று அதற்குப் பெயர். நத்தையை ஓட்டிலிருந்து எடுத்துத் தின்பதற்கு அந்த அலகு உதவுகிறது. இதைக் கண்ணால் கண்ட பிள்ளை மறுநாளும் குளக்கரைக்கு அழைக்கும்.

ஓர் எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். மழையால் நிறைந்த குளமும் கைவிடப்பட்ட கல்குவாரியும் கரையிலிருந்து பார்க்க அமைதியாகத் தோன்றும். ஆழம் தெரியாது, சேறு காலைப் பிடிக்கும். விடுமுறை நாட்களில் பிள்ளைகளை நீர்நிலைகளுக்குத் தனியே அனுப்பாதீர்கள். "கூட்டாளிகளோடுதானே போகிறான்" என்று அசட்டையாக இருந்து பிள்ளையைப் பறிகொடுத்த வீடுகள் உண்டு. மாதக் கடைசியிலும் வங்கக் கடல் சீற்றத்தோடு இருக்கக்கூடும். கரையில் மணல்வீடு கட்டட்டும். அலையில் இறங்க வேண்டாம்.

வாப்பா படித்த பள்ளிக்கூடம்

ஒரு சிறுவன் தன் தந்தை படித்த பள்ளியை ஏன் பார்க்க விரும்புகிறான்? தன்னைப் போலவே அவரும் ஒரு காலத்தில் அரைக்கால் சட்டை அணிந்தார், கணக்கில் குறைந்த மதிப்பெண் வாங்கினார், மரத்தில் ஏறி விழுந்தார் என்பதை அறிந்துகொள்ளும் ஆசை அது. பிள்ளை நம்மை நெருங்கி வருவதற்கு அதைவிடச் சிறந்த வழி இல்லை. ஆகவே ஒரு பகற்பொழுதை அதற்கென ஒதுக்குங்கள். படித்த பள்ளி, விளையாடிய திடல், முதன்முதலில் வேலைக்கு நின்ற கடை, பாட்டனார் குடியிருந்த தெரு என நடந்தே காட்டுங்கள். கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற ஊர்களில் பழைய பள்ளிவாசல்களின் கருங்கல் தூண்களைப் பிள்ளைகள் நாள்தோறும் கடந்து போகிறார்கள். நம் தமிழகச் சிற்பிகளின் கைவண்ணம் அவற்றில் தெரிகிறது என்று எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டாமா?

சொந்த ஊரை முடித்த பிறகு பக்கத்து ஊர் செல்லலாம். மதுரைக்கு அருகில் கீழடி அருங்காட்சியகம் 2023ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. கி.மு. 6ஆம் நூற்றாண்டு வரை பின்னோக்கிச் செல்லும் நகர வாழ்வின் சான்றுகள் அங்கே உள்ளன. பானை ஓடுகளில் கீறப்பட்ட பெயர்களைப் பெரியவர்கள் பார்க்கட்டும். பிள்ளைகளுக்கு அங்குள்ள வட்டச் சில்லுகளையும் பகடைக்காய்களையும் காட்டுங்கள். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரும் பிள்ளைகள் உடைந்த பானை ஓட்டைத் தேய்த்துச் சில்லாக்கி விளையாடியிருக்கிறார்கள். வீடு திரும்பியதும் முற்றத்தில் கட்டம் கீறிப் பாண்டி ஆடத் தொடங்கிவிடுவார்கள். கூடவே பரணில் கிடக்கும் பல்லாங்குழியையும் இறக்கிவிடுங்கள்.

தஞ்சைப் பக்கத்து வாசகர்கள் தரங்கம்பாடிக்குச் செல்லலாம். 1620இல் டென்மார்க் நாட்டினர் கட்டிய கோட்டை கடலைப் பார்த்தபடி இன்றும் நிற்கிறது. 1706இல் அங்கு வந்திறங்கிய சீகன்பால்கு என்னும் ஜெர்மானியப் பாதிரியார் தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்த்து அச்சிட்டார். 1715இல் அப்பணி நிறைவுற்றது. தமிழ் அச்சு வரலாற்றில் அவ்வூருக்கு நிலையான இடம் உண்டு. சென்னைவாசிகளுக்கு 1851இல் தொடங்கப்பட்ட எழும்பூர் அருங்காட்சியகமும், 2010இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகமும் இருக்கின்றன. மதுரையில் 2023இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. எங்கு சென்றாலும், அன்று திறந்திருக்குமா என்று முன்னரே விசாரித்துக்கொண்டு புறப்படுங்கள். ஒரே நாளில் ஐந்து இடங்களைக் காட்டிப் பிள்ளைகளைக் களைப்படையச் செய்யாதீர்கள். ஓர் இடம், ஒரு கட்டுச்சோறு, மாலையில் வீடு. அது போதும்.

உம்மாவுக்கு ஒரு நாள் விடுமுறை

பட்டியலின் நான்காம் வரியைப் படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. வீட்டில் எல்லோருக்கும் விடுமுறை வரும்போது ஒருவருக்கு மட்டும் வேலை இரட்டிப்பாகிறது என்பதை நாம் காணாமல் இருக்கிறோம். பன்னிரண்டு வயதுப் பிள்ளை கண்டிருக்கிறான். பள்ளி நாட்களில் காலை உணவும் கட்டிக் கொடுக்கும் உணவும் முடிந்தால் பகலில் தாய்க்குச் சற்று ஓய்வு உண்டு. விடுமுறையிலோ மணிக்கொரு முறை, "உம்மா, பசிக்குது!" விருந்தினர் வருகை வேறு. பெருமூச்சு எழுவதில் வியப்பென்ன?

ஆகவே விடுமுறையில் ஒரு நாளைக் குறித்துவிடுங்கள். அன்று உம்மா அடுப்பங்கரைப் படியை மிதிக்கக் கூடாது. வாப்பாவும் பிள்ளைகளும் சமைக்க வேண்டும். சமைத்தால் மட்டும் போதாது, பாத்திரங்களையும் கழுவி வைக்க வேண்டும். "ஆண் பிள்ளைக்கு அடுப்பில் என்ன வேலை?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு பதில்: இருபது வயதில் வெளிநாடு சென்று, ஓர் அறையில் ஐந்தாறு பேராகத் தங்கி, முறை வைத்துச் சமைக்கும் இளைஞர்களிடம் கேட்டுப் பாருங்கள். சோற்றுக்கு எவ்வளவு நீர் வைப்பது என்று தெரியாமல் அவர்கள் பட்ட பாட்டைச் சொல்வார்கள்.

நன்னியை நாற்காலியில் அமர்த்தி ஆசிரியையாக்குங்கள். எங்கள் பக்கத்து வட்டிலப்பத்தையே எடுத்துக்கொள்வோம். முட்டைகளை நன்கு அடித்து, முதலில் பிழிந்த கெட்டித் தேங்காய்ப் பாலும் சீனியோ கருப்பட்டிப் பாகோ சேர்த்து, ஏலக்காய்ப் பொடி தூவி, வடிகட்டி, மூடி, ஆவியில் வேக வைக்க வேண்டும். எளிதாகத்தான் தோன்றும். பாகைச் சூட்டோடு ஊற்றினால் முட்டை திரிந்துபோகும். தீ மிகுந்தால் வட்டிலப்பம் துளை துளையாகி நீர் விட்டுவிடும். முட்டையிலுள்ள புரதம் மெல்லிய சூட்டில் மென்மையாக உறைவதும், கடுஞ்சூட்டில் சுருங்கி நீரை வெளியேற்றுவதும் இதற்குக் காரணம். நன்னிக்கு அறிவியல் சொற்கள் தெரியாது. ஆனால், "தீயைக் குறை, அவசரப்படாதே" என்று அவர் சொல்வதற்குள் அந்த அறிவியல் முழுதும் அடங்கியிருக்கிறது.

அவர் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதிக்கொள்ளட்டும். சமையலோடு நிறுத்த வேண்டாம். நன்னியின் திருமணம் எப்படி நடந்தது, அந்நாளில் வெளிநாட்டுக் கடிதம் வந்து சேர எத்தனை நாள் ஆயிற்று, தாலாட்டு என்ன பாடினார்கள் என்றெல்லாம் கேட்கட்டும். கைப்பேசியில் அவர் குரலைப் பதிவு செய்து வைக்கட்டும். கைப்பேசி விடுமுறையில் செய்யக்கூடிய மிக நல்ல காரியம் இதுவாகவே இருக்கும். அடுத்த டிசம்பரில் அந்த நாற்காலி காலியாக இருக்காது என்று நம்மில் யார் உறுதி கூற முடியும்?

கூட்டாளி வீட்டுத் தட்டு

ஐந்தாம் வரி கிறிஸ்துமஸைப் பற்றியது. தூத்துக்குடி, நாகர்கோவில் பக்கங்களில் வாழ்வோருக்கு இது புதிதன்று. டிசம்பர் 25ஆம் நாள், வாசலில் நட்சத்திர விளக்குத் தொங்கும் அடுத்த வீட்டிலிருந்து ஒரு தட்டு வரும். அச்சு முறுக்கு, முந்திரிக்கொத்து, குல்குல், ஒரு துண்டு கேக். பெருநாளன்று நம் வீட்டு பிரியாணி அவர்கள் வீட்டுக்குச் சென்றதன் மறுமொழி அது. அந்தத் தட்டை வெறுமையாகத் திருப்பித் தரும் வழக்கம் நம்மிடம் இல்லை.

நகரத்து அடுக்குமாடிகளில் இந்தத் தட்டுகளின் போக்குவரத்துக் குறைந்து வருகிறது. எதிர்வீட்டாரின் பெயர்கூட அறியாமல் பிள்ளைகள் வளர்கிறார்கள். அண்டை வீட்டாரின் உரிமையை வலியுறுத்தும் மார்க்கத்தைப் பின்பற்றும் நமக்கு இது அழகா? தன் கூட்டாளி வீட்டுக்குத் தன் தந்தையும் வரவேண்டும் என்று அந்தச் சிறுவன் விரும்பினான். காரணம் எளியது. இரு தந்தையரும் அறிமுகமானால் இரு பிள்ளைகளின் நட்பு உறுதிப்படும். மிகையான ஆடம்பரம் வேண்டாம். நம் வீட்டில் செய்த இனிப்பில் ஒரு கிண்ணம், கால் மணி நேர உரையாடல், அவர்கள் வீட்டு முதியவரிடம் நலம் விசாரிப்பு. பிள்ளைகள் இதைப் பார்த்துக் கற்பார்கள். அவர்கள் வளர்ந்து ஊரில் ஏதேனும் மனக்கசப்பு எழும் காலத்தில், அந்தக் கால் மணி நேரத்தின் மதிப்பு விளங்கும்.

நாட்களை எப்படிப் பகிர்வது?

இவற்றையெல்லாம் நெருக்கி அடுக்கி, விடுமுறையை இன்னொரு பாட அட்டவணை ஆக்கிவிடாதீர்கள். தேர்வெழுதிக் களைத்த பிள்ளை முதல் நாள் விருப்பம்போல் தூங்கட்டும். வீட்டுப்பாடத்தை அடுத்த மூன்று காலைப் பொழுதுகளில், நாளுக்கு ஒரு மணி நேரம் என முடித்துவிட்டால் கடைசி நாள் அழுகை இராது. தொலைக்காட்சிக்கும் கைப்பேசிக்கும் நேரம் குறித்துவிடுங்கள். அந்தக் கட்டுப்பாடு பெரியவர்களுக்கும் பொருந்தட்டும். எஞ்சிய நாட்களில் ஒன்றுவிட்டு ஒரு நாள் ஒரு காரியம் என்றால் ஐந்து வரிகளும் நிறைவேறிவிடும். இடைப்பட்ட நாட்களில் பிள்ளைகள் தெருவில் விளையாடட்டும்; சும்மாவும் இருக்கட்டும். சும்மா இருக்கும் பிள்ளைதான் தானாக ஒன்றைக் கண்டுபிடிக்கும்.

அந்தத் தாள் என்ன ஆயிற்று?

என் உறவினருக்கு அடுத்த டிசம்பர் விடுப்பு இரண்டு ஆண்டுகள் கழித்தே கிடைத்தது. மகன் ஒன்பதாம் வகுப்பிற்கு வந்துவிட்டான். மீசை அரும்பத் தொடங்கியிருந்தது. "எங்கே போகலாம் வாப்பா?" என்று இவர் கேட்டதற்கு, "எங்க வேணும்னாலும் போகலாம்" என்று மட்டும் சொன்னான். பட்டியல் ஏதும் எழுதி வைத்திருக்கவில்லை. பிள்ளை கேட்பதை நிறுத்திவிட்டான் என்பதை அன்றுதான் அவர் உணர்ந்தார்.

அன்றிரவு அவர் யாரிடமும் சொல்லாமல் ஒரு பாயை எடுத்துக்கொண்டு மாடிக்குச் சென்று படுத்தார். சிறிது நேரத்தில் ஒரு தலையணையோடு மகனும் வந்து பக்கத்தில் படுத்தான். இருவரும் வெகுநேரம் பேசவில்லை. பிறகு அவர் பணப்பையிலிருந்து அந்தக் கட்டம் போட்ட தாளை எடுத்துக் கொடுத்தார். அவன் கைப்பேசி வெளிச்சத்தில் அதை விரித்துப் பார்த்துவிட்டு, "இன்னுமா வச்சிருக்கீங்க?" என்று கேட்டான். பின்னர் கிழக்கே கையை நீட்டி, "அந்த மூணு நட்சத்திரத்தைப் பாருங்க வாப்பா" என்றான்.

மறுநாள் காலையில் முதல் வரியின் எதிரே 'சரி' என்று குறியிட்டிருந்தது. அந்த விடுப்பு முடிவதற்குள் மேலும் மூன்று குறிகள் விழுந்தன. மூன்றாம் வரி மட்டும் நிறைவேறவில்லை. அவர் படித்த பள்ளிக் கட்டடத்தை அதற்கு முந்தைய ஆண்டே இடித்துவிட்டிருந்தார்கள்.

அன்பு வாசகர்களே, உங்கள் பிள்ளை இப்போது எத்தனையாம் வகுப்பு? பன்னிரண்டிலிருந்து அதைக் கழித்துப் பாருங்கள். பிறகு ஒரு தாளையும் பேனாவையும் அவன் கையில், அவள் கையில் கொடுத்து, "இந்த லீவுக்கு என்னென்ன செய்யலாம், எழுது" என்று சொல்லுங்கள். அவர்கள் எழுதும் பட்டியல் நீங்கள் அஞ்சுவதைவிடச் சிறியதாகவே இருக்கும்.